செம்புக் குண்டும் சிறு துளைத் துப்பாக்கியும்

ஸ்காட்லாந்தில் மானைச் சுடுவதற்கு எப்படிப்பட்ட துப்பாக்கி வேண்டும் என்று கேட்டால், வேட்டைக்காரர் வாய் திறப்பதற்கு முன்பே சட்டம் பதில் சொல்லிவிடும். குண்டு எத்தனை கனமாயிருக்க வேண்டும், குழலை விட்டு எத்தனை வேகத்தில் புறப்பட வேண்டும், புறப்படும்போது அதனிடம் எத்தனை சக்தி இருக்க வேண்டும் என்பதையெல்லாம் 1985-ஆம் வருஷத்து உத்தரவு ஒன்று கணக்கிட்டு வைத்திருந்தது. அந்தக் கணக்கின்படி, ரோ மான் என்னும் சிறிய ஜாதியைத் தவிர மற்ற மான்களின்மேல் 100 கிரெயினுக்குக் குறைந்த குண்டைப் பிரயோகிக்கக் கூடாது. கிரெயின் என்பது ஆங்கிலேயரின் பழைய நிறை அளவு. சுமார் பதினைந்தரை கிரெயின் சேர்ந்தால் ஒரு கிராம். ஆகவே 100 கிரெயின் என்பது ஆறரை கிராமுக்குச் சமம். முப்பத்தெட்டு வருஷம் ஒருவரும் தொடாதிருந்த இந்த எண்ணை 2023-ஆம் ஆண்டில் அரசாங்கம் 80 ஆகக் குறைத்தது. மான் இளைத்துப் போனதால் அன்று, குண்டு செய்யும் உலோகம் மாறியதால் வந்த திருத்தம் இது. காரீயம் இருந்த இடத்தில் செம்பு வந்து சேர்ந்தவுடன், காரீயத்தின் கனத்தை மனத்தில் வைத்துக்கொண்டு எழுதப்பட்ட விதி பொருந்தாமற் போயிற்று.

1972-ஆம் ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு நம் நாட்டில் மான் வேட்டை குற்றமாகிவிட்டது. அப்படியே இருக்கவும் வேண்டும். ஆயினும், ஒரு சிறு உலோகத் துண்டின் மாற்றத்தினால் பௌதிகமும், சட்டமும், பக்ஷிகளின் வாழ்வும், சாப்பாட்டுத் தட்டும் ஒன்றோடொன்று எப்படிப் பிணைந்து கிடக்கின்றன என்பதை அறிய விரும்புவோருக்கு, துப்பாக்கியைத் தொட்டே பாராதவராயிருந்தாலும், இந்த விஷயம் சுவையுள்ளதாகவே இருக்கும்.

ஸ்காட்லாந்தில் ஓநாய் அற்றுப் போய்ப் பல தலைமுறைகள் ஆகிவிட்டன. மானை அடித்துத் தின்ன வேறு மிருகம் இல்லாததால் அவை பெருகிப் பெருகி, இன்று பத்து லட்சம் வரையில் இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். மலைச்சரிவில் முளைக்கும் பைன், பிர்ச், ரோவன் கன்றுகள் முழங்கால் உயரம் வருமுன்பே இவற்றின் வாய்க்கு இரையாகிவிடுகின்றன. காடு மீள வேண்டுமானால் மான் குறைய வேண்டும் என்ற நிர்ப்பந்தத்தால், ஆண்டுதோறும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மான்கள் அங்கே சுடப்படுகின்றன. இதைப் பொழுதுபோக்காகச் செய்வோரும் உண்டு, சம்பளத்துக்குச் செய்யும் தொழில்முறை வேட்டைக்காரரும் உண்டு. சுட்ட இடத்திலேயே மானின் வயிற்றைக் கீறிக் குடலை எடுத்து மலைமேலேயே விட்டுவிட்டு, உடலை மட்டும் கீழே கொண்டுவருவது அவர்கள் வழக்கம். குடலைத் தங்கக் கழுகும், வெண்வால் கடற்கழுகும், அண்டங்காக்கையும், நரியும் தின்கின்றன. மாமிசம் கடைக்கும் வீட்டுக்கும் போகிறது. இந்த இரண்டு பந்தியிலும் காரீயம் பரிமாறப்படுகிறது என்பதே இன்றைய வழக்குக்கு மூலகாரணம்.

தோட்டா வேறு, குண்டு வேறு என்பதை இங்கே நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. பித்தளை உறையும், அதனுள் அடைத்த வெடிமருந்தும், வாயில் செருகிய குண்டும் சேர்ந்ததே தோட்டா. விசையை அழுத்தியதும் உறை துப்பாக்கியிலேயே தங்கிவிட, குண்டு மட்டும் பறந்து செல்கிறது. வழக்கமான வேட்டைக் குண்டுக்கு உள்ளே காரீயக் கரு, வெளியே மெல்லிய செம்புத் தோல், நுனியில் மட்டும் காரீயம் சற்றே வெளியே தெரியும். (ரசம் வைக்கிற ஈயச் சொம்பைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம், அது வெள்ளீயம், வேறு உலோகம்.) மானின் உடலில் வினாடிக்கு எண்ணூறு மீட்டர் வேகத்தில் புகும்போது காரீயம் நசுங்கிப் பரந்து, சதையைக் கிழித்துப் பெரிய காயம் உண்டாக்கி, ஜந்துவை விரைவில் வீழ்த்துகிறது. அது செய்யும் நல்ல காரியம் அதுவே. அப்படிப் பரக்கும்போதே துணுக்குத் துணுக்காக உதிர்ந்து, குண்டு சென்ற வழியிலிருந்து ஒரு சாண் தூரம்வரைகூடச் சிதறிவிடுகிறது என்பது அதன் மறுபக்கம். அந்தத் துணுக்குகளிற் பல மணலைவிடச் சிறியவை. பல்லுக்கும் அகப்படா, கண்ணுக்கும் புலப்படா.

அமெரிக்காவில் சுடப்பட்ட மான்களை எக்ஸ்ரே எடுத்து 2006-இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று இதைப் பிரத்தியட்சமாகக் காட்டியது. மலையில் விடப்பட்ட குடல் குவியல்கள் இருபதை எடுத்துப் பார்த்ததில் பதினெட்டில் உலோகத் துணுக்குகள் இருந்தன. அவற்றில் ஐந்து குவியல்களில் ஒவ்வொன்றிலும் 200-க்கு மேல். செம்புக் குண்டினால் சுடப்பட்ட நான்கு மான்களின் முழு உடலிலும் சேர்த்துக் கிடைத்தவை ஆறு துணுக்குகள். 2009-இல் அதே குழுவினர் முப்பது மான்களை ஊர்க் கசாப்புக்காரர்களிடம் கொடுத்துக் கொத்துக்கறியாக்கி வாங்கிப் பார்த்தபோது, 234 பொட்டலங்களில் நூற்றுக்கு முப்பத்திரண்டு வீதத்தில் உலோகம் இருந்தது. அந்தக் கறியைப் பன்றிகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள்; அவற்றின் இரத்தத்தில் காரீயம் ஏறியது. வயிற்றுக்குள் போன உலோகம் அப்படியே வெளியேறிவிடும் என்று அதுவரை சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு இந்தப் பன்றிகள் ஒரு பதில். குழந்தைகளின் மூளையைப் பொறுத்தவரையில், இவ்வளவுக்குள் இருந்தால் தோஷமில்லை என்று சொல்லத்தக்க காரீய அளவு ஒன்று இல்லை என்பதே வைத்திய சாஸ்திரத்தின் இன்றைய முடிவு.

பக்ஷிகளின் கதை இதைவிடத் துயரமானது. இறகு விரித்தால் ஒன்பதடிக்கு மேலிருக்கும் கலிபோர்னியாவின் காண்டர் என்னும் பிணந்தின்னிக் கழுகு, 1982-ஆம் ஆண்டில் உலகத்திலேயே 22 மட்டும் எஞ்சியிருந்தது. 1987-இல் கடைசிப் பறவையையும் பிடித்துக் கூண்டிலே வைத்து இனம் பெருக்கி, 1992 முதல் மறுபடி வெளியே விட்டார்கள். விட்ட பறவைகள் வேட்டைக்காரர் விட்டுச் சென்ற குடலைத் தின்று காரீய விஷம் ஏறி மடியலாயின. பிடித்து இரத்தத்தைச் சுத்தம் செய்து மறுபடி விட்டால் மறுபடியும் அதே கதி. 2007-இல் காண்டர் திரியும் பிரதேசங்களில் மட்டும் காரீயத் தோட்டாவைத் தடுக்கும் சட்டம் கலிபோர்னியாவில் வந்தது. 2013-இல் அதை ராஜ்யம் முழுவதற்கும் விரித்து, 2019 ஜூலை முதல் தேதியிலிருந்து முற்றிலும் அமலாக்கினார்கள். செத்த உடலில் மனிதன் தெரியாமல் விட்டுவைத்த விஷத்தால் பிணந்தின்னிப் பறவைகள் அழிவதை நாமும் அறிவோம். டைக்ளோஃபினாக் என்ற வலிமருந்தை ஊசியாகப் பெற்ற மாடுகளைத் தின்று இந்தியாவின் பாறுக் கழுகுகள் லட்சக்கணக்கில் மடிந்ததும், 2006-இல் அந்த மருந்து கால்நடைகளுக்குத் தடுக்கப்பட்டதும், முதுமலையை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சிய சில பாறுகள் இன்றும் வட்டமிடுவதும் நம் வீட்டுச் செய்திகள். அங்கே மருந்து, இங்கே குண்டு, அவ்வளவுதான் வித்தியாசம்.

செம்புக் குண்டு கழுகைக் காப்பதற்காகப் பிறந்ததென்று எண்ணிவிடக் கூடாது. அதன் வரலாறு வேறு. புகையில்லா வெடிமருந்து வந்து குண்டின் வேகம் கூடியபோது, வெறுங் காரீயம், குழலின் உட்சுவரில் வெட்டிய புரிகளில் வழுக்கிப் பூச்சாகப் படிந்தது. அதற்குச் செம்புத் தோல் போர்த்தும் யுக்தியை 1880-களில் ஸ்விட்சர்லாந்தின் எடுவார்ட் ரூபின் கண்டார். 1898-இல் பிரெஞ்சுப் படையினர், தொண்ணூறு வீதம் செம்பும் மிச்சம் துத்தநாகமும் கலந்த, காரீயமே இல்லாத குண்டைத் தங்கள் லெபல் துப்பாக்கிக்கு ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் அது உடலில் புகுந்து விரியாத குண்டு. ஊசி போல நேரே துளைத்து மறுபுறம் போய்விடும். அதே பத்தாண்டில் கல்கத்தாவுக்கு அருகே டம்டம் ஆயுதசாலையில் விரியும் குண்டு தயாராகி உலகமெங்கும் கெட்ட பெயர் வாங்கியது. 1899-இல் ஹேக் நகரத்து மாநாடு, விரியும் குண்டுகளை யுத்தத்தில் பிரயோகிக்கக் கூடாதென்று பிரகடனம் செய்தது. வேட்டையில் நியாயம் தலைகீழ். விரியாத குண்டு பட்ட மான் சிறு துளையோடு மைல்கணக்கில் ஓடி, மணிக்கணக்கில் வேதனைப்பட்டுச் சாகும். ஆகையால் மனிதன்மேல் பிரயோகிக்கத் தடுக்கப்பட்ட விரியும் குண்டையே மானின்மேல் பிரயோகிக்க வேண்டுமென்று பிரிட்டிஷ் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. இரண்டுக்கும் கருணையே காரணம் என்பது விசித்திரந்தான்.

காரீயம் இல்லாமலும் இருக்க வேண்டும், விரியவும் வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்தவர் அமெரிக்காவில் பார்ன்ஸ் என்ற குண்டுத் தொழிற்சாலையை நடத்திய ராண்டி புரூக்ஸ். 1980-களின் நடுவில் அலாஸ்காவில் கரடி வேட்டைக்குப் போயிருந்தபோது, காரீயக் கருவும் செம்புத் தோலும் பிரிந்து போவதுதான் எல்லாத் தொல்லைக்கும் மூலமென்றால், கருவையே நீக்கிவிட்டால் என்ன என்று அவருக்குத் தோன்றியதாம். முழுச் செம்பில் நுனியில் மட்டும் குழி வைத்துச் செய்த அந்தக் குண்டு 1989-இல் கடைக்கு வந்தது. உடலுக்குள் புகுந்ததும் குழியில் ஈரச் சதை புகுந்து அழுத்த, நுனி நான்காகப் பிளந்து, நான்கு இதழ்களும் பின்னோக்கி மடிகின்றன. குண்டின் அகலம் ஏறக்குறைய இரு மடங்காகிறது. ஆனால் அநேகமாக எதுவும் உதிர்வதில்லை, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் நிறை அப்படியே நிற்கிறது. ஆரம்பக் குண்டுகள் குழலில் செம்புக் கறையை மிகுதியாகப் படியவிட்டன. 2003-இல் உடம்பைச் சுற்றிப் பள்ள வளையங்கள் வெட்டி உராய்வைக் குறைத்த பிறகு அந்தக் குறை பெரும்பாலும் தீர்ந்தது. பிற்பாடு குழிக்குள் ஒரு பிளாஸ்டிக் முனையைச் செருகி, அது ஆப்புப் போல உள்ளே இறங்கி இதழ்களைத் திறக்குமாறும் செய்தார்கள்.

கரடிக்காகப் பிறந்த இந்தக் குண்டு, எதிர்பாராத வகையில், மிகுந்த உபகாரம் செய்தது சிறு துளைத் துப்பாக்கிகளுக்கு என்பது என் அபிப்பிராயம். சிறு துளை என்று வேட்டைக்காரர் சொல்வது, .223 ரெமிங்டன் போன்று ஐந்தே முக்கால் மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த விட்டமுள்ளவற்றையும், .243 வின்செஸ்டர் போன்று ஆறு மில்லிமீட்டரைச் சிறிது தாண்டியவற்றையும். இவை தோளில் அதிகம் உதைப்பதில்லை. உதைக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுக்கும் பழக்கம் இல்லாததால், பெண்களும், புதிதாகப் பழகும் இளைஞர்களும், ஏன், பல வருஷம் பழகியவர்களுங்கூட இவற்றால் குறி பிசகாமல் சுடுகிறார்கள். ஆனால் காரீய யுகத்தில் இவற்றுக்கு ஒரு பெருங்குறை இருந்தது. .223-க்கென்று விற்ற 55 கிரெயின் குண்டுகள் பெரும்பாலும் நரிக்கும் வளைதோண்டும் சிறு பிராணிகளுக்கும் என்று மெல்லிய தோலோடு செய்யப்பட்டவை. மானின் தோளெலும்பில் பட்டால் இரண்டு மூன்று அங்குலத்திலேயே தூளாகிவிடும். மேலே பார்க்கக் கோரமான காயம், உள்ளே இருதயமும் நுரையீரலும் பத்திரம். அப்படிக் காயப்பட்டு ஓடிப்போன மான்களை நினைத்தே அமெரிக்காவின் பல ராஜ்யங்கள் துளையின் அளவுக்கு எல்லை வகுத்தன. கொலராடோவில் .24 அங்குலத்துக்கும், வர்ஜீனியாவில் .23 அங்குலத்துக்கும் குறைந்த துளையால் மானைச் சுடலாகாது. டெக்சாஸிலோ அப்படி எல்லை ஏதும் இல்லை,.22 ரிம்ஃபயர் போன்ற விளிம்பில் தீப்பற்றும் தோட்டாவை மட்டும் விலக்கியிருக்கிறார்கள்.

செம்பில் செய்த அதே 55 கிரெயின் குண்டு உடைவதில்லை. எலும்பைத் துளைத்து, இரண்டு நுரையீரலையும் கடந்து, பெரும்பாலும் மறுபக்கம் வெளியேறிவிடுகிறது. எடை குறைந்த குண்டு ஆழமாகப் போகாது என்ற பழைய நம்பிக்கை, உண்மையில் உடைகின்ற குண்டு ஆழமாகப் போகாது என்று திருத்திச் சொல்லப்பட வேண்டியது. எடின்பரோவுக்கு அருகே பிறந்த டபிள்யூ. டி. எம். பெல் என்ற யானை வேட்டைக்காரர், ஆப்பிரிக்காவில் ஏழு மில்லிமீட்டர் துப்பாக்கியொன்றையே பெரும்பாலும் கையாண்டு நூற்றுக்கணக்கான யானைகளைக் கொன்றவர். மற்றவர்கள் அதைவிட இரண்டு மடங்கு பெரிய துளையுள்ள பீரங்கி போன்ற ஆயுதங்களைச் சுமந்து திரிந்த காலம் அது. அவருடைய தொழில் நமக்கு இன்று அருவருப்புத் தரலாம். ஆனால் உடையாத குண்டு, சரியான இடம் என்ற இரண்டும் இருந்தால் துளையின் அகலம் இரண்டாம் பக்ஷம் என்று அவர் கண்டது பொய்யாகவில்லை.

இனிமேல்தான் சிக்கலான இடம். காரீயம் ஒரு கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம், செம்பு 9 கிராமுக்கும் சற்றுக் குறைவு. விட்டம் மாறாமல் அதே எடையைச் செம்பில் கொண்டுவர வேண்டுமானால் குண்டு நாலில் ஒரு பங்கு நீண்டுவிடும். நீண்டால் என்ன? குழலின் உட்சுவரில் வெட்டியிருக்கும் புரிகள் குண்டைச் சுழற்றி விடுகின்றன. சுழற்சி இருப்பதால்தான் அது நுனி முன்னோக்கப் பறக்கிறது. நெட்டையாகச் செதுக்கிய பம்பரம் குட்டைப் பம்பரத்தைவிட வேகமாகச் சுழன்றால்தான் தலை சாயாமல் நிற்கும் என்பதைப் போல, நீண்ட குண்டுக்கு அதிகச் சுழற்சி வேண்டும். இதற்கொரு சூத்திரத்தை வுல்விச்சில் கணிதம் போதித்த ஜார்ஜ் கிரீன்ஹில் 1879-இல் வகுத்துக் கொடுத்தார். அதில் பிரதானமாக வருபவை குண்டின் விட்டமும் நீளமுமே. புரி பத்து அங்குலத்தில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றுகிறதா, பன்னிரண்டு அங்குலத்திலா, எட்டிலா என்பது குழல் செய்தவன் ஒரு முறை தீர்மானித்துவிட்ட விஷயம். குழலை மாற்றினாலன்றி அதை மாற்ற முடியாது. பத்து அங்குலப் புரியுள்ள .243-இலிருந்து வினாடிக்கு ஆயிரம் மீட்டர் வேகத்தில் புறப்படும் குண்டு, நிமிஷத்துக்கு இரண்டு லட்சத்து முப்பதாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது என்றால், இந்தச் சிறு எண்களுக்குப் பின்னால் எத்தனை பெரிய எண்கள் நிற்கின்றன என்பது விளங்கும்.

புரியின் அளவு ஒரு துப்பாக்கியின் தலைவிதியையே நிர்ணயித்த கதை ஒன்று உண்டு. 1955-இல் அமெரிக்காவின் இரண்டு பெரிய கம்பெனிகள் ஒரே விட்டத்தில் இரண்டு புதிய தோட்டாக்களை வெளியிட்டன. வின்செஸ்டரின் .243-க்குப் பத்து அங்குலப் புரி, ரெமிங்டனின்.244-க்குப் பன்னிரண்டு அங்குலப் புரி. ரெமிங்டனார் தங்கள் தோட்டா முக்கியமாகச் சிறு பிராணிகளைச் சுடுவதற்கு என்று எண்ணி, 90 கிரெயின் குண்டோடு நிறுத்திக்கொண்டார்கள். வின்செஸ்டரார் 100 கிரெயின் குண்டைப் போட்டு, நரிக்கும் மானுக்கும் ஒரே துப்பாக்கி என்றார்கள். தோட்டாவின் சக்தியில் .244 ஒரு படி மேலே இருந்தும், அந்தப் பத்துக் கிரெயின் வித்தியாசத்தால் ஜனங்கள் .243-ஐ நாடிப் போய்விட்டார்கள். ரெமிங்டனார் விழித்துக்கொண்டு 1963-இல் ஒன்பது அங்குலப் புரியும் புதுப் பெயரும் கொடுத்துப் பார்த்தார்கள்; கடந்துபோன காலம் திரும்பவில்லை. அன்று வெற்றி பெற்ற அதே .243, செம்பு வந்தபோது அதே காரணத்தால் இடறியது. பத்து அங்குலப் புரி 100 கிரெயின் காரீயக் குண்டுக்குத்தான் போதும். 100 கிரெயின் செம்புக் குண்டின் நீளத்தை அது தாங்காது. போதிய சுழற்சியில்லாத குண்டு காற்றில் புரண்டு, இலக்குத் தாளில் பக்கவாட்டில் பட்டுச் சாவித் துவாரம் போன்ற கிழிசலை உண்டாக்கும். மானை நோக்கி அதைச் சுடுவது பாவம்.

ஸ்காட்லாந்தின் தர்மசங்கடம் இதுதான். அங்கே .243-தான் ஏராளமானோர் கையிலிருந்த துப்பாக்கி. ரோ மானுக்கும் சிவப்பு மானுக்கும் ஒன்றே போதும் என்று வாங்கியவர்கள் அவர்கள். செம்புக்கு மாறு என்று ஒருபுறம் உபதேசம். 100 கிரெயினுக்குக் குறையாதே என்று மறுபுறம் சட்டம். இரண்டுக்கும் கீழ்ப்படியும் குண்டு அவர்கள் குழலில் ஓடாது. கணக்கைப் பார்த்தாலோ விதியில் அர்த்தமில்லை. 100 கிரெயின் காரீயக் குண்டு வினாடிக்குச் சுமார் 900 மீட்டர் வேகத்தில் புறப்பட்டு 2,640 ஜூல் சக்தியைக் கொண்டுபோகிறது. 80 கிரெயின் செம்புக் குண்டு 1,020 மீட்டர் வேகத்தில் புறப்பட்டு 2,700 ஜூல் கொண்டுபோகிறது. எடையில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தும் சக்தி குறையவில்லை. உடலுக்குள் சென்ற பின் காரீயம் தன் எடையில் ஒரு பகுதியை உதிர்த்துவிட, செம்பு அநேகமாக முழுவதையும் வைத்துக்கொள்கிறது. 2023-இன் திருத்தம் எடையை 80-க்கு இறக்கி, வேகத்துக்கும் சக்திக்கும் இருந்த எல்லைகளை அப்படியே விட்டுவைத்தது புத்திசாலித்தனம். இங்கிலாந்தில் இந்தத் தொல்லை எழவே இல்லை. அங்கே 1991-ஆம் ஆண்டுச் சட்டம் பெரிய மான்களுக்குத் துளையின் அளவையும் சக்தியையும் மட்டும் கேட்டதே தவிர, குண்டின் எடையைக் கேட்கவில்லை. எந்த உலோகத்துக்கும் பொருந்துகிற மாதிரி அது எழுதப்பட்டது தற்செயலாகவும் இருக்கலாம்.

செம்புக்குக் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. காரீயம் மெதுவாகப் போய்ப் பட்டாலும் நசுங்கும். செம்பு கடினமானது, வினாடிக்கு 550 முதல் 600 மீட்டர் வேகமாவது இல்லாவிட்டால் இதழ் விரிய மறுக்கும். எடை குறைந்த குண்டு காற்றில் வேகத்தைச் சீக்கிரம் இழக்கும் ஆதலால், .223 வைத்திருப்பவர் 200 மீட்டருக்கு அப்பால் ஆசைப்படக் கூடாது; .243-காரருக்கு இன்னும் சிறிது தூரம் அதிகம். முன்னங்காலுக்குப் பின்னால், விலாவின் நடுவே சுடுகிற பழைய பழக்கத்தையும் சற்று மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. காரீயம் மென்மையான நுரையீரலிலும் சிதறிவிடும். செம்பு எதிர்ப்பை எதிர்பார்க்கிறது, ஆகவே தோளை ஒட்டிச் சுடுவது உத்தமம் என்று அநுபவஸ்தர்கள் சொல்கிறார்கள். செம்பு பட்ட மான் கூடுதல் தூரம் ஓடுகிறது என்ற புகாரும் உண்டு. ஜெர்மனியிலும் டென்மார்க்கிலும் நூற்றுக்கணக்கான வேட்டைகளை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள், தகுந்த குண்டைத் தகுந்த வேகத்தில் பிரயோகித்தால் பெரிய வித்தியாசம் இல்லை என்றே கண்டார்கள். குண்டு உடையாமல் மறுபுறம் போகிறதென்றால் பின்னால் நிற்பவருக்கு அபாயமாயிற்றே என்று கேட்பது நியாயமான கேள்வி. பின்னே மண்மேடோ மலைச்சரிவோ இல்லாமல் விசையை இழுக்கக் கூடாது என்பது காரீயத்துக்கும் உள்ள விதிதான், செம்பு அதை இன்னும் கண்டிப்பாக்குகிறது. ஒரே குழலில் இரண்டையும் மாற்றி மாற்றிச் சுடுபவர்கள் குறி தப்புகிறதென்று செம்பின்மேல் பழி போடுவதுண்டு. குழலை நன்றாகத் துடைத்துவிட்டு, இரண்டு மூன்று வகைக் குண்டுகளைத் தாளில் சுட்டுப் பார்த்து, தன் குழல் விரும்பும் ஒன்றைத் தேர்ந்து, தூரநோக்கியை மறுபடி சரிசெய்துகொண்டால் அந்தப் பழி நிற்காது.

உலகத்தின் போக்கும் இதே திசையில்தான் இருக்கிறது. டென்மார்க் 2024 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து வேட்டைத் துப்பாக்கிக் குண்டிலும் காரீயத்தைத் தடுத்துவிட்டது. சிறு ரவைகளில் அதை முன்பே விலக்கியிருந்த தேசம் அது. 2025 ஜூலையில் பிரிட்டிஷ் அரசாங்கமும் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றுக்கும் அதே முடிவை அறிவித்து, மூன்று வருஷ அவகாசம் கொடுத்தது. அந்த அறிவிப்பில் 6.17 மில்லிமீட்டரும் அதற்கு மேற்பட்ட விட்டமுமுள்ள குண்டுகளுக்கே தடை. .243-இன் குண்டு சரியாக 6.17 மில்லிமீட்டர், எல்லைக் கோட்டின்மேலேயே நிற்கிறது, ஆனால் தடைக்குள் நிற்கிறது. அதற்குக் கீழே உள்ளவற்றுக்கு விலக்கு அளித்ததற்கு முக்கிய காரணம் .22 ரிம்ஃபயர் என்ற சிறிய துப்பாக்கி. அதன் வேகமும் குறைவு, புரியும் மந்தம், செம்பில் செய்த லேசான குண்டு அதில் குறியாகப் போவதில்லை. முயல் சுடுவோருக்கு இந்த விலக்கு நியாயமானதே. ஆனால் அதே விலக்கின் நிழலில் .223-ஐக் கொண்டு ரோ மானையும், இங்கிலாந்தில் மண்ட்ஜாக் என்னும் குட்டி மானையும் காரீயத்தால் சுடுவது சட்டப்படி செல்லுமானாலும், அதற்கு அவசியம் ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. ஸ்காட்லாந்தில் ரோ மானுக்கும், இங்கிலாந்தில் மண்ட்ஜாக்குக்கும் 50 கிரெயின் குண்டு போதுமென்று சட்டமே சொல்கிறது. பன்னிரண்டு அங்குலப் புரியுள்ள பழைய.223 கூட அந்த எடையைச் சுற்றிய குட்டைச் செம்புக் குண்டைத் தடுமாறாமல் சுடும், எட்டு அங்குலப் புரியுள்ள புதியவை இன்னும் கனமானவற்றையும் சுடும். செம்புக் குண்டு காரீயத்தைவிட விலை கூடியது என்பது மெய். வருஷம் முழுவதும் மானை நோக்கி ஒருவர் செலவழிக்கும் தோட்டாக்கள் எத்தனை இருந்துவிடப் போகின்றன? அந்த விலை வித்தியாசத்தை, கழுகுக்காக இல்லாவிட்டாலும், அந்த மாமிசத்தை உண்ணப் போகும் தம் வீட்டுக் குழந்தைகளுக்காகவாவது வேட்டைக்காரர்கள் கொடுத்தே ஆக வேண்டும்.